காவற்கூலி: டீபக் பதிப்பு மெதுவாக ஓடுவது ஏன்?

(இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல், இரண்டாம் ஆண்டு – ஒக்கூர்)

கணிப்பொறியின் கை படாத தொழில் இன்று இல்லை என்றே சொல்லிவிடலாம். உரக்கடை முதல் ஊராட்சி அலுவலகம் வரை பல காரியங்கள் கைபேசித் திரையில்தான் நடக்கின்றன. ஆகவே, நம் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் செய்துகாட்டும் செயல்திட்டங்களிலும் கைபேசிச் செயலிகளே மிகுதியாக இடம் பெறுவதில் வியப்பில்லை.

சென்ற ஆண்டு மூத்த மாணவர் மூவர் சேர்ந்து ஒரு கிராமத்துப் பால் சங்கத்திற்காகச் செயலி ஒன்றை எழுதினர். காலையிலும் மாலையிலும் ஊற்றப்படும் பாலின் அளவு, கொழுப்புச் சத்து, அதற்குரிய விலை, உறுப்பினருக்குச் சேர வேண்டிய தொகை ஆகிய அனைத்தும் அதில் உண்டு. ஃபிளட்டர் என்னும் கருவி கொண்டு எழுதப்பட்டது. செய்துகாட்டிய நாளில் பார்வையிட வந்த ஒருவர் பட்டியலை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இப்படித் திக்கித் திக்கி நகர்ந்தால் பால் ஊற்ற வருகிறவர்கள் வரிசையில் எத்தனை நேரம் நிற்பார்கள்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. அண்ணன்மார் மனம் உடைந்தனர். நிலையைக் கவனித்துத் திரையை மாற்றும் நிரல் நூலகம்தான் மெதுவாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஒரே வாரத்தில் அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் கையாலேயே எழுதினர். பட்டியல் அப்போதும் திக்கித்தான் நகர்ந்தது. புதிதாக ஒரு குறை மட்டும் சேர்ந்துகொண்டது. கொழுப்புச் சத்தைத் திருத்தினால் ஒரு திரையில் தொகை மாறியது. மற்றொரு திரையில் பழைய தொகையே நின்றது.

அச்செயலியின் வலப்பக்க மேல் மூலையில் ஒரு சிறு சிவப்புப் பட்டை குறுக்காக ஒட்டியிருந்தது. அதில் ‘டீபக்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பார்க்க வந்தவரும் அதைக் கவனிக்கவில்லை, செய்தவர்களும் பொருட்படுத்தவில்லை. இக்கட்டுரை அந்தப் பட்டையைப் பற்றியதாகும்.

நிலையும் நோக்கலும்

ஒரு செயலி ஒரு கணத்தில் நினைவில் வைத்திருக்கும் செய்திகளின் தொகுதியே அதன் ‘நிலை’ எனப்படும். இன்று சேர்ந்த பால் எத்தனை லிட்டர், லிட்டர் விலை என்ன, எந்த உறுப்பினரின் கணக்கு திறந்திருக்கிறது என்பவையெல்லாம் நிலையே. நிலை மாறினால் திரையும் மாற வேண்டும். இதனை நிரல் எழுதுவோர் ஒவ்வோர் இடத்திலும் நினைவு வைத்துச் செய்வது கடினம். ஓரிடத்தில் மறந்தாலும் மேலே சொன்ன பழைய தொகைதான் மிஞ்சும். ஆகவே, நிலையைத் தாமே கவனித்துத் திரைக்குச் செய்தி சொல்லும் நிரல் நூலகங்கள் தோன்றின. ரியாக்டோடு பயன்படும் ரிடக்ஸ், வியூவோடு பயன்படும் வியூஎக்ஸ், ஃபிளட்டரோடு பயன்படும் ப்ரொவைடர், ஆப்பிள் நிறுவனத்தின் அப்சர்வேஷன் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை.

செய்தி சொல்வதில் இரு முறைகள் உள்ளன. ஒன்று தண்டோரா. எது மாறினாலும் ஊர் முழுக்கத் தமுக்கடித்து அறிவித்துவிடுவது. ஆப்பிள் 2019-இல் ஸ்விஃப்ட்யூஐ என்னும் திரை அமைக்கும் கருவியை வெளியிட்டபோது அதனுடன் கொடுத்த முறை ஏறக்குறைய இதுவே. ஒரு பொருளின் எந்தப் பண்பு மாறினாலும், அப்பொருளைக் கவனிக்கும் திரைப்பகுதிகள் அனைத்தும் தம்மை மறுபடி கணக்கிட்டுக்கொள்ளும். மற்றொன்று, யார் எந்தச் செய்தியைக் கேட்டுச் சென்றார் என்று குறித்துவைத்துக்கொண்டு, அது மாறும்போது அவர் வீட்டுக் கதவை மட்டும் தட்டுவது. 2023-இல் வந்த அப்சர்வேஷன் இவ்வகையைச் சேர்ந்தது. திரைப்பகுதி ஒன்று லிட்டர் விலையைப் படித்தால், ‘இவர் விலையைப் படித்தார்’ என்று உடனே ஒரு குறிப்பு விழும். பின்னர் உறுப்பினரின் முகவரி மாறினால் அப்பகுதிக்குத் தொந்தரவு இல்லை. விலை மாறினால் மட்டுமே அழைப்பு வரும்.

இரண்டாம் முறை அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு படிப்பும் ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெறுமனே நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுப்பதாக இருந்த செயல், இப்போது ஒரு செயற்கூற்றை அழைப்பதாக மாறிவிட்டது. அந்தச் செயற்கூற்றுக்குள் யார் எதை வைத்தாலும், திரை வரையப்படும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான முறை அது நடக்கும். நம் கதையின் சூட்சுமம் இங்குதான் உள்ளது.

இரண்டு வகை மந்தம்

ஒரே மூலநிரலிலிருந்து இரண்டு பதிப்புகளை உருவாக்கலாம். எழுதும்போது ஓட்டிப் பார்ப்பது டீபக் பதிப்பு. பயன்படுத்துவோர் கையில் கொடுப்பது ரிலீஸ் பதிப்பு. டீபக் பதிப்பு மெதுவாக ஓடுவதற்கு இரு வேறு காரணங்கள் உண்டு. இவ்விரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர்.

முதற்காரணம், கம்பைலர் தன் கைத்திறனைக் காட்டாமல் விடுவது. ரிலீஸ் பதிப்பில் அது சிறு செயற்கூறுகளை அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதிவிடும். பயனற்ற கணக்குகளை நீக்கும். டீபக் பதிப்பில் நாம் வரிவரியாக நிறுத்திப் பார்க்க வேண்டுமாதலால், எழுதியது எழுதியபடியே ஓடுகிறது. ஃபிளட்டரில் வேறுபாடு இன்னும் பெரிது. டீபக் பதிப்பில் நிரல் ஓடும்போதே அவ்வப்போது இயந்திரமொழிக்கு மாற்றப்படுகிறது. ஒரு வரியைத் திருத்தியவுடன் செயலியை நிறுத்தாமலே மாற்றம் திரையில் தெரியும் வசதி இதனால்தான் கிடைக்கிறது. ரிலீஸ் பதிப்பிலோ முழு நிரலும் முன்கூட்டியே இயந்திரமொழியாக்கப்பட்டுவிடும்.

இரண்டாம் காரணம், நூலகத்தை எழுதியவர்கள் வேண்டுமென்றே வைத்த காவல். நாம் தவறு செய்கிறோமா என்று பார்த்துக்கொண்டேயிருந்து எச்சரிக்கும் சோதனைகள் அவை. சி மொழி படித்த நாம் எல்லோரும் ‘அசர்ட்’ என்னும் கட்டளையை அறிவோம். ‘என்டீபக்’ என்னும் சொல்லை வரையறுத்துவிட்டால் அச்சோதனைகள் அனைத்தும் நிரலிலிருந்து மறைந்துவிடும். அதே கருத்துதான் இன்றைய நூலகங்களிலும் தொடர்கிறது. இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி இந்தக் காவலையும், அதற்கு நாம் கொடுக்கும் கூலியையும் பற்றியது.

மொய் நோட்டு

ரிடக்ஸில் நிலையை நேரடியாகத் திருத்தக்கூடாது என்பது விதி. பழைய நிலையை அப்படியே விட்டுவிட்டுப் புதிய நிலை ஒன்றைத் தர வேண்டும். புதிதாகக் கற்போர் இவ்விதியை மீறாதிருப்பது அரிது. ஆகவே, 2019-இல் முதல் பதிப்பு வெளிவந்த ரிடக்ஸ் டூல்கிட், டீபக் நிலையில் தானாகவே ஒரு காவலரை அமர்த்திவிடுகிறது. அவர் என்ன செய்வார் தெரியுமா? நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மொய் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெயரை எழுதியவுடனும், நோட்டின் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரி வரை புரட்டி, முன்பு எழுதியதை எவரும் அடித்துத் திருத்தவில்லையே என்று சரிபார்க்கும் ஒருவரை அருகில் அமர்த்தினால் எப்படியிருக்கும்? பத்துப் பேர் மொய் வைத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஐந்நூறு பேர் வைத்தபின் வரிசை தெருவுக்கு வந்துவிடும்.

இந்த நூலகமும் நிலை முழுவதையும் கிளை கிளையாக இறங்கிச் சென்று சரிபார்க்கிறது. எனவே, கூலி நாம் செய்யும் மாற்றத்தின் அளவைப் பொறுத்ததன்று. நிலையின் மொத்த அளவைப் பொறுத்தது. இதனை எழுதியவர்களும் அறிவர். ஒரு சரிபார்ப்புக்கு 32 மில்லி நொடிக்கு மேல் ஆனால், ‘இக்காவலே நேரத்தைத் தின்கிறது, ரிலீஸ் பதிப்பில் இது இருக்காது’ என்னும் பொருள்பட அதுவே ஓர் எச்சரிக்கையை அச்சிடுகிறது. காவலர் தன் சம்பளச் சீட்டைத் தானே நீட்டுவது போன்ற இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நிலையில் எந்தக் கிளையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவும், காவலையே நிறுத்திவிடவும் அதில் வழி உண்டு.

வியூஎக்ஸின் கண்டிப்பு முறையும் இத்தகையதே. ரிலீஸ் பதிப்பில் அதனை இயக்காதீர்கள் என்று அதன் கையேடே கூறுகிறது. ரியாக்டின் கண்டிப்பு முறை திரைப்பகுதிகளை டீபக் நிலையில் இருமுறை ஓட்டிப் பார்க்கும். ஆங்குலர், மாற்றங்களைத் தேடி முடித்தபின், உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று இன்னொரு முறை தேடும். இவற்றின் கூலி ஏறக்குறைய இரட்டிப்பு என்று எளிதில் கணக்கிட்டுவிடலாமாதலால், இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

உன்னை அனுப்பியது யார்?

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது பெர்செப்ஷன் என்னும் நூலகமாகும். நம் வகுப்பில் எவரிடமும் ஆப்பிள் கணிப்பொறி இல்லை. ஆயினும் இதன் மூலநிரல் எவரும் படிக்கும்படி திறந்தே கிடப்பதால், ஓட்டிப் பார்க்க முடியாவிட்டாலும் படித்துப் பார்க்க முடிந்தது.

ஆப்பிளின் அப்சர்வேஷன், ஐஓஎஸ் 17 முதற்கொண்டுதான் வேலை செய்யும். ஐஃபோன் 8, ஐஃபோன் 10 முதலிய கைபேசிகள் ஐஓஎஸ் 16-உடன் நின்றுவிட்டன. பழைய கைபேசி வைத்திருப்போரைக் கைவிட மனமில்லாமல், பாயின்ட்-ஃப்ரீ என்னும் பெயரில் இயங்கும் பிராண்டன் வில்லியம்ஸ், ஸ்டீஃபன் செலிஸ் ஆகிய இருவரும், அதே வசதியைப் பழைய கைபேசிகளுக்கும் தரும் பெர்செப்ஷனை 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்டனர். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பழைய ஸ்விஃப்ட்யூஐக்கு இந்தக் குறிப்பெழுதும் வழக்கம் தெரியாதாகையால், நிலையைப் படிக்கும் ஒவ்வொரு திரைப்பகுதியையும் நிரல் எழுதுவோரே ஓர் உறைக்குள் இட வேண்டும். உறையிட மறந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, செயலி நின்றுவிடாது, அத்திரைப்பகுதி மட்டும் மாறாமல் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பால் சங்கச் செயலியில் கண்ட அதே நோய்.

இதனைத் தடுக்க ஒரு காவல் தேவைப்பட்டது. உறைக்கு வெளியே நிலை படிக்கப்பட்டால் எச்சரிக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல். உறைக்கு வெளியே படிப்பதெல்லாம் தவறன்று. ஒரு பொத்தானை அழுத்தும்போது நடக்கும் செயலுக்குள் படிக்கலாம், கணக்கிடும்போது படிக்கலாம். திரையை வரையும் செயற்கூற்றுக்குள் இருக்கும்போது உறையின்றிப் படிப்பதே தவறு. அப்படியானால், ‘இப்போது திரை வரையப்பட்டுக்கொண்டிருக்கிறதா?’ என்று எவரையாவது கேட்டறிய வேண்டும். ஸ்விஃப்ட்யூஐயின் உள்நிரல் மூடிக்கிடப்பது; அக்கேள்விக்கு விடை சொல்லும் வாசல் எதையும் ஆப்பிள் திறந்து வைக்கவில்லை.

எனவே அவர்கள் வேறு வழி கண்டனர். ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும்போது, அழைத்தவர் யார் என்ற குறிப்பு அடுக்கில் வைக்கப்படும் என்பதை நாம் முதலாம் ஆண்டிலேயே படித்திருக்கிறோம். அந்த அடுக்கை மேலிருந்து கீழ்வரை புரட்டி, ஒவ்வொரு முகவரிக்கும் உரிய பெயரைக் கண்டுபிடித்து, அப்பெயர்களுள் திரை வரையும் ‘பாடி’ என்னும் செயற்கூறு இருக்கிறதா என்று தேடுகின்றனர். பெரிய வீட்டு வாசலில் ஒரு சிறுவன் வந்து நின்றால், "உன்னை அனுப்பியது யார்? அவரை அனுப்பியது யார்? அவருக்குச் சொன்னது யார்?" என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் ஊர்ப் பெரியவர் வரை விசாரிப்பதை ஒக்கும் இது. உறைக்குள் ஒழுங்காக இருக்கும் படிப்புகள் இவ்விசாரணைக்கு ஆளாவதில்லை. ஒரு சிறு குறிப்பைப் பார்த்தவுடன் விட்டுவிடுகிறார்கள். உறைக்கு வெளியே நிகழும் படிப்புகளே, குற்றமற்றவையானாலும், வாசலில் நிறுத்தப்படுகின்றன.

கூலியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். திரை நொடிக்கு 60 முறை வரையப்படுமானால், ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. பட்டியலில் 40 வரிகள், வரிக்கு 6 செய்திகள் என்றால் 240 படிப்புகள். ஒரு விசாரணைக்கு 10 மைக்ரோ நொடி ஆகிறதென்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2.4 மில்லி நொடி, கண்ணுக்குத் தெரியாது. அடுக்கு ஆழமாக இருந்து, பெயர் தேடுவதற்கும் நேரமாகி, விசாரணை ஒன்றுக்கு 100 மைக்ரோ நொடி ஆகுமானால் மொத்தம் 24 மில்லி நொடி. கிடைக்கும் நேரமோ 16.7. ஒவ்வொரு முறையும் ஒரு சட்டம் தவறும்; பட்டியல் திக்கும். இவ்வெண்கள் நான் எடுத்துக்கொண்ட உதாரணமே. கைபேசிக்குக் கைபேசி மாறும். ஆனால் ஒரு படிப்பின் விலை சிறிதாயிருந்தும், எண்ணிக்கையால் பெருகிவிடுவதை இக்கணக்கு காட்டும். ரிலீஸ் பதிப்பில் இக்காவல் அடியோடு இல்லை. டீபக் பதிப்பிலும் வேண்டாமென்றால் நிறுத்திவைக்க ஒரு சுவிட்சை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

இனி ஃபிளட்டருக்கு வருவோம். ப்ரொவைடர் நூலகத்திலும் இதே கேள்வி எழுகிறது. நிலையைத் தொடர்ந்து கவனிக்கும் கட்டளையைத் திரை வரையும்போதுதான் கொடுக்க வேண்டும். பொத்தான் செயலுக்குள் கொடுத்தால் தவறு. தவறினால் டீபக் பதிப்பில் அசர்ட் ஒன்று தடுத்து நிறுத்தி, எப்படித் திருத்த வேண்டும் என்பதையும் எழுதிக் காட்டும். ‘இப்போது வரையப்படுகிறதா?’ என்பதை அது எப்படி அறிகிறது? ஃபிளட்டர் வரையத் தொடங்கும்போது தானே ஒரு கொடியை ஏற்றி, முடிந்தவுடன் இறக்கிவிடுகிறது. டீபக் பதிப்பில் அக்கொடியை எவரும் பார்க்கலாம். அடுக்கைப் புரட்ட வேண்டியதில்லை. யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. கொடி பார்க்க 5 நானோ நொடி என்று வைத்துக்கொண்டால், 240 படிப்புகளுக்கும் சேர்த்து ஒரு மைக்ரோ நொடியைச் சற்றே தாண்டும். அவ்வளவுதான்.

ஒரே கேள்வி, ஓரிடத்தில் ஒரு பார்வை, மற்றோரிடத்தில் ஓர் ஊர் விசாரணை. நூலகம் எழுதியவர்களின் திறமைக்குறைவு இதற்குக் காரணமன்று. வீட்டுக்காரர் கதவைத் திறந்து, ‘ஆம், நான் உள்ளேதான் இருக்கிறேன்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தீர்ந்துவிடும் காரியம். மூடிய நிரலுக்கு அருகில் வாழ்வோர் தருகிற வரி என்றே இதனை நான் கருதுகிறேன். விடையை ஒருமுறை கண்டுபிடித்து, நிரலின் இன்ன வரிக்கு இன்ன விடை என்று குறித்துவைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செய்யலாம், பெரும்பகுதி நேரம் மிச்சமாகும். ஆயினும், ஒரே வரி சில வேளை திரை வரைவதற்குள்ளும், சில வேளை பொத்தான் செயலுக்குள்ளும் ஓடக்கூடும். அப்போது முதல் விடை இரண்டாம் முறைக்குப் பொய்யாகிவிடும்.

காவலை நீக்கலாமா?

நம்மில் பலர் செய்வது, மெதுவாக இருக்கிறதென்றால் காவலை நிறுத்திவிடுவது, அல்லது அண்ணன்மாரைப் போல் நூலகத்தையே தூக்கியெறிவது. இது குறித்து டோனி ஹோர் கூறியவை நினைவுகூரத்தக்கவை. கொழும்பில் 1934-இல் பிறந்தவர் அவர். விரைவு வரிசையாக்கம் என்று நாம் பாடத்தில் படிக்கும் முறையைக் கண்டவர். 1960-களில் எலியட் நிறுவனத்திற்காக அல்கால் 60 மொழிக்கு அவர் குழு எழுதிய கம்பைலர், அணியின் எல்லையைத் தாண்டுகிறோமா என்பதை ஒவ்வொரு முறையும் சோதித்தது. வேகத்திற்காக அச்சோதனையை நிறுத்திக்கொள்ள வசதி தரட்டுமா என்று பின்னாளில் வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று அனைவரும் ஒரே குரலில் மறுத்தனராம். அப்பிழை எத்தனை முறை நேர்கிறது என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தனர். டியூரிங் விருது பெற்ற 1980-ஆம் ஆண்டுப் பேருரையில் இதனை அவர் சொல்லியிருக்கிறார். கரையில் பயிற்சி செய்யும்போது மிதவை அங்கியை அணிந்துகொண்டு, கடலில் இறங்கும்போது கழற்றி வைக்கும் படகோட்டியைப் போன்றது, சோதனைகளை இறுதிப் பதிப்பில் நீக்குவது என்று 1973-இலேயே அவர் எள்ளியும் இருக்கிறார்.

என் தந்தையார் சென்ட்ரிங் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். டீபக், ரிலீஸ் வேறுபாட்டை ஒருநாள் அவரிடம் விளக்கியபோது, "முட்டு பிரிக்காத வீட்டைக் காட்டி எவனாச்சும் வெல பேசுவானாப்பா?" என்று கேட்டார். ஹோர் சொல்வதும் இவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். ஒருவர் கழற்றாதே என்கிறார். மற்றவர் கழற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார். இருவர் கூற்றும் சரியென்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் காவல்கள் எல்லாம் ஓரினம் அல்ல. கொடியைப் பார்க்கும் காவலுக்குக் கூலி அற்பம். அதனை ரிலீஸ் பதிப்பிலும் விட்டுவைத்து, பிழை கண்டால் செயலியை நிறுத்தாமல் ஒரு குறிப்பு மட்டும் எழுதச் செய்தால் நட்டம் ஒன்றுமில்லை. உறுப்பினர் தன் தொகையைத் தவறாகப் பார்ப்பது தெரியாமலே போவதைவிட அது மேல். நோட்டு முழுவதையும் புரட்டும் காவலும், அடுக்கை விசாரிக்கும் காவலும் முட்டுப் பலகைகள். அவற்றை வைத்துக்கொண்டு குடிபுக முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீபக் பதிப்பின் மந்தம் சில பிழைகளை மறைத்தும் வைக்கும். இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தும்போது மட்டும் நேரும் பிழை, எல்லாமே மெதுவாக ஓடும்போது தலைகாட்டாமல் இருந்துவிட்டு, ரிலீஸ் பதிப்பில் முதன்முறையாக வெளிப்படலாம். ஆகவே, வேகத்தை அளப்பதற்காக மட்டுமன்று, சரியாக இருக்கிறதா என்று அறிவதற்கும் ரிலீஸ் பதிப்பை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

கூலி கொடுப்பவர் யார்?

காவற்கூலி எல்லோருக்கும் ஒன்றாகத் தோன்றினாலும், அதன் பாரம் ஒன்றாக இருப்பதில்லை. நூலகம் எழுதுவோரிடம் புதிய கணிப்பொறி இருக்கிறது. அவர்கள் திரையில் விசாரணை கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அண்ணன் படித்து முடித்துத் தம்பிக்குக் கொடுத்த மடிக்கணினியும், கண்ணாடியில் கீறல் விழுந்த கைபேசியும் வைத்திருப்பவனுக்கு அதே விசாரணை பல மடங்கு நீளும். அனுபவம் மிக்க பொறியாளரின் செயலி ரிலீஸ் பதிப்பாகி ஊரெல்லாம் போகிறது. கற்கும் மாணவனின் செயலி பெரும்பாலும் டீபக் பதிப்பாகவே பிறந்து, டீபக் பதிப்பாகவே செய்துகாட்டப்பட்டு, மதிப்பெண் வாங்கியபின் மறக்கப்படுகிறது. காவல் யாருக்காக வைக்கப்பட்டதோ, அந்தத் தொடக்க மாணவனே கூலியையும் மிகுதியாகக் கொடுக்கிறான். போதாக்குறைக்கு, ‘உன் நிரல் மெதுவானது’ என்ற பேச்சையும் கேட்டுக்கொள்கிறான். இதில் மனம் தளர்ந்து, நிரல் எழுதுவது நமக்கு வராது போலும் என்று ஒதுங்கியவர்களையும் நான் அறிவேன். பால் சங்கச் செயலி எழுதிய மூவருள் ஒருவர் அப்படித்தான், வேறு வேலை தேடிக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே, அளக்கும் முறையை நாம் அறிந்திருக்க வேண்டும். ஃபிளட்டரில் ‘ஃபிளட்டர் ரன்’ என்னும் கட்டளையுடன் இரு சிறு கோடுகளிட்டு ‘ப்ரொஃபைல்’ என்று சேர்த்தால், ரிலீஸ் பதிப்பின் வேகத்தோடு, நேரத்தை அளக்கும் வசதியும் உள்ள மூன்றாவது பதிப்பு கிடைக்கும். இது கணிப்பொறிக்குள் ஓடும் போலிக் கைபேசியில் ஓடாது. உண்மைக் கைபேசியைக் கம்பியால் இணைக்க வேண்டும். இருப்பதில் மிகப் பழைய கைபேசியை இணைப்பதே நல்லது. ஆண்ட்ராய்டின் ஜெட்பேக் கம்போஸ் பயன்படுத்துவோரும் ரிலீஸ் பதிப்பில்தான் அளக்க வேண்டும் என்று கூகுளின் கையேடு கூறுகிறது. டீபக் பதிப்பில் அதன் மந்தம் வெகுவாகத் தெரியும். ரியாக்டில் எழுதுவோர், உருவாக்கிய இறுதிக் கோப்புகளைப் பரிமாறி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அளந்தபின்னும் மெதுவாக இருந்தால், அது உண்மையான மந்தம். அதற்கு நாமே பொறுப்பு. டீபக் பதிப்பில் மட்டும் மெதுவாக இருந்து வேலை ஓடவில்லை என்றால், எந்தக் காவல் அதிகம் தின்கிறது என்று பார்த்து அதனை மட்டும் சில மணி நேரம் நிறுத்தலாம். ரிடக்ஸில் ஒரு பெரிய கிளையை மட்டும் விலக்கலாம். பெர்செப்ஷனில் சுவிட்சை அணைத்துப் பட்டியலைச் செப்பனிட்டுவிட்டு, மாலையில் மறுபடி போடலாம். மறுபடி போடுவதுதான் கடினம். நம் விடுதி நண்பர்கள் அலார மணியை நிறுத்திவிட்டுத் தூங்கும் அழகைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அண்ணன்மாரின் செயலிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். நூலகம் இருந்த பழைய பதிப்பை அவர்கள் அழிக்காமல் வைத்திருந்தனர். அதனை ப்ரொஃபைல் நிலையில், நான்கு ஆண்டு பழைய ஒரு கைபேசியில் ஓட்டினோம். பட்டியல் வழுக்கிக்கொண்டு ஓடியது. கொழுப்புச் சத்தைத் திருத்தியபோது இரு திரையிலும் தொகை மாறியது. ஒரே ஓரிடத்தில் மட்டும் இன்னும் திக்கல் இருந்தது. மாதத் தொகைகள் அனைத்தையும் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தது காரணம். அதனைத் திருத்த ஒரு பிற்பகல் போதுமானதாயிருந்தது.

இவ்வாண்டு செய்துகாட்டும் நாளில், மடிக்கணினியோடு கம்பியால் கட்டிய செயலியைக் காட்டாமல், ரிலீஸ் பதிப்பை நிறுவிய கைபேசியையே பார்வையிட வருவோர் கையில் கொடுக்க இசைய வேண்டும் என்று நம் துறைப் பேராசிரியர்களிடம் விண்ணப்பித்திருக்கிறோம். விண்ணப்பத்தில் கையெழுத்திடாத நண்பர்கள் ஆய்வகத்தில் முதல் வரிசை மேசையில் வந்து இடலாம்.